ஃபைல் திறக்கவில்லை என்றால், எந்த ஃபைல் என்று சொல்லுங்கள்

நீங்கள் எழுதிய லைப்ரரி (மற்ற ப்ரோக்ராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் கோடு) ஒரு ஃபைலைத் திறக்கப் போகிறது, முடியவில்லை, 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்று ஒரு வரியைத் துப்பிவிட்டு நின்றுவிடுகிறது. அந்த வரியைப் படிக்கப் போகிறவர் யார்? எங்கள் வேலூர்ப் பக்கம் அது பெரும்பாலும் ப்ரோக்ராமர் இல்லை. ஆம்பூரில் ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் யூனிட்டில் கணக்குப் பார்க்கிறவர், குடியாத்தத்தில் கைலி மொத்த வியாபாரம் செய்கிறவர், சத்துவாச்சாரியில் மருந்துக்கடையில் பில் போடும் பையன். இவர்கள் செய்வது ஒன்றே ஒன்றுதான், ஸ்க்ரீனை மொபைலில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி "சார், இது என்னான்னு கொஞ்சம் பாருங்க" என்பார்கள். அந்தப் போட்டோவில் என்ன தெரிகிறதோ அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் மொத்த ஆதாரம். லாக் ஃபைலை எடுத்து அனுப்பச் சொன்னால் அதற்கும் ஒரு போட்டோதான் வரும்.

காட்பாடி ஜங்ஷனில் வண்டி எண்ணையும் பெயரையும் விட்டுவிட்டு "வண்டி தாமதமாக வரும்" என்று மட்டும் அறிவித்தால் பிளாட்பாரத்தில் நிற்கிறவர்கள் என்ன செய்வார்கள்? அந்த லட்சணத்தில்தான் பாதி லைப்ரரிகள் எரர் கொடுக்கின்றன.

இதில் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைத் திட்டிப் பயனில்லை. லினக்ஸ் கெர்னல், அதாவது சிஸ்டத்தின் மையப் பகுதி, உங்களிடம் திருப்பித் தருவது ஒரு எண் மட்டும்தான். 2 என்றால் அந்தப் பெயரில் எதுவும் இல்லை, 13 என்றால் அனுமதி இல்லை, 20 என்றால் வழியில் ஃபோல்டராக இருக்க வேண்டிய ஒன்று ஃபோல்டராக இல்லை, 28 என்றால் இடம் இல்லை. எந்த ஃபைல், எதற்காக என்பதெல்லாம் அந்த எண்ணில் கிடையாது, ஏனென்றால் பாத்தை, அதாவது ஃபைல் இருக்கும் வழியை, கொடுத்ததே நீங்கள்தான், கெர்னல் அதை உங்களுக்கே திருப்பிச் சொல்லாது. ஆக, எண் வந்த அந்த நொடியில் பாத், செய்த வேலை, காரணம் மூன்றும் ஒருசேரத் தெரிந்த ஒரே ஆள் உங்கள் லைப்ரரிதான். அங்கே தவறவிட்டால் மேலே இருக்கும் யாராலும் அதை மீட்க முடியாது.

முதலில் உங்கள் மொழி எவ்வளவு கொடுக்கிறது என்று பாருங்கள், ஏனென்றால் இது மொழிக்கு மொழி மாறும். கோ மொழியில் ஓப்பன் தோற்றால் செய்த வேலை, பாத், மூலக் காரணம் மூன்றும் சேர்ந்த பாத்எரர் கிடைக்கும், ரீநேம் என்றால் பழைய பெயர், புதிய பெயர் இரண்டும் உள்ள லிங்க்எரர். நோட்.ஜேஎஸ்ஸிலும் கோடு, சிஸ்கால் (கெர்னலிடம் கேட்ட வேலை), பாத் எல்லாம் தனித்தனி ஃபீல்டாக வரும். பைத்தானில் ஓப்பன் தோற்றால் ஃபைல் பெயர் வரும், ஆனால் திறந்த ஃபைலில் எழுதிக்கொண்டிருக்கும்போது டிஸ்க் நிறைந்துவிட்டால் வருவது எண் 28ம் "இடம் இல்லை" என்பதும் மட்டும்தான், பெயர் காலி. நோட்.ஜேஎஸ்ஸிலும் ஃபைல் டிஸ்க்ரிப்டரை (திறந்த ஃபைலுக்குக் கிடைக்கும் எண்ணை) வைத்து எழுதினால் இதே கதை. ரஸ்ட்டின் ஸ்டாண்டர்டு லைப்ரரியில் ஓப்பனுக்கே பாத் வராது, காரணமும் 'ஓஎஸ் எரர் 2' என்று அடைப்புக்குள் எண்ணும் மட்டும். அதனால்தான் எஃப்எஸ்-எர் என்று ஒரு க்ரேட் (ரஸ்ட்டில் லைப்ரரிக்குப் பெயர்) இருக்கிறது, ஸ்டாண்டர்டு ஃபங்ஷன்களின் இடத்தில் அப்படியே மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், பாத் தானாக வந்து சேரும். ஜாவாவில் நேர் எதிர்க் கூத்து: 2011இல் ஜாவா 7உடன் வந்த நோசச்ஃபைல்எக்செப்ஷனின் மெசேஜில் வழக்கமாகப் பாத் மட்டும்தான் இருக்கும், காரணம் க்ளாஸ் பெயரில் ஒளிந்திருக்கும். கெட்மெசேஜை மட்டும் பிரிண்ட் செய்கிறவருக்கு ஒரு ஃபைல் பெயர் தெரியும், அதற்கு என்ன ஆயிற்று என்பது தெரியாது. பழைய ஃபைல் க்ளாஸின் டிலீட் இன்னும் மோசம், முடியவில்லை என்றால் ஃபால்ஸ் என்று ஒரு சொல், அவ்வளவுதான். ஃபைல்ஸ் க்ளாஸில் இருக்கும் டிலீட்டுக்கு மாறிவிடுங்கள், அது காரணத்தோடு எக்செப்ஷன் எறியும்.

சி மொழிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எர்நோவை (கெர்னல் தந்த எண் இருக்கும் இடம்) உடனே ஒரு வேரியபிளில் எடுத்து வைத்துவிட்டு அப்புறம் மற்ற வேலையைப் பாருங்கள். நடுவில் ஒரு லாக் எழுதினாலே அந்த எண் மாறிப்போகக்கூடும், பிறகு இல்லாத ஃபைலுக்கு வேறு ஏதோ காரணம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

மெசேஜில் என்ன இருக்க வேண்டும்

என் கணக்கில் நான்கு விஷயம்: என்ன செய்யப் போனோம், எந்தப் பாத்தில், எதற்காக, சிஸ்டம் என்ன சொன்னது. முதல் இரண்டையும் கடைசியையும் சில மொழிகள் தாமே தந்துவிடுகின்றன. மூன்றாவதை, அதாவது 'எதற்காக' என்பதை, எந்த மொழியும் தராது. அதுதான் உங்கள் வேலை.

உதாரணம் ஒன்றைப் பிடித்துக்கொள்வோம். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது, வாலாஜாவும் ஆற்காடும் ராணிப்பேட்டைக்குப் போயின, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின. மாவட்டம், தாலுகா என்று ஃபோல்டர் ஃபோல்டராகத் தரவு வைத்திருக்கும் எந்த மென்பொருளுக்கும் இது ஒரு நல்ல சோதனை. (1989க்கு முந்தைய 'வட ஆற்காடு' என்ற பெயரிலேயே இன்னமும் ஃபோல்டர் வைத்திருக்கிற பெரியவர்களும் உண்டு, அவர்களிடம் நாம் வாதாட முடியாது.) யாரோ ஃபோல்டர்களைப் புது மாவட்டப்படி அடுக்கிவிட்டார்கள், பழைய செட்டிங்ஸ் மாறவில்லை. இப்போது லைப்ரரி "ஃபைல் இல்லை" என்றால் ஒன்றும் புரியாது. இப்படிச் சொன்னால்?

"தாலுகா பட்டியலைப் படிக்க முடியவில்லை: '/டேட்டா/வேலூர்/வாலாஜா/பட்டியல்.சிஎஸ்வி' திறக்கப் போனோம். '/டேட்டா/வேலூர்' வரை இருக்கிறது, அதற்குள் 'வாலாஜா' இல்லை (சிஸ்டம் எரர் 2). இந்தப் பாத் செட்டிங்ஸ் ஃபைலின் 14ஆம் வரியிலிருந்து வந்தது."

இதைப் போட்டோவில் பார்த்தாலே போதும், போனிலேயே வழி சொல்லிவிடலாம். மாதிரியைத் தமிழில் எழுதியிருக்கிறேன், உங்கள் லைப்ரரி எந்த மொழியில் பேசுகிறதோ அதில் எழுதிக்கொள்ளுங்கள்.

அதில் கவனிக்க வேண்டியது, பாத்தின் எந்தத் துண்டு வரை இருக்கிறது என்று சொல்லியிருப்பது. எண் 2 வந்தால், கடைசி ஃபைல்தான் இல்லையா, நடுவில் ஒரு ஃபோல்டரே இல்லையா என்பதை லினக்ஸ் பிரித்துச் சொல்லாது. விண்டோஸ் ஓரளவுக்குச் சொல்லும், ஃபைல் இல்லை என்றால் 2, வழியே இல்லை என்றால் 3. லினக்ஸில் நீங்களே பாத்தின் மேலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கிப் பார்த்து எது வரை இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். எண் 13க்கும் இதே வித்தைதான், பல நேரம் ஃபைலின் அனுமதி சரியாகத்தான் இருக்கும், மேலே ஏதோ ஒரு ஃபோல்டரில் உள்ளே நுழைவதற்கான எக்ஸிக்யூட் அனுமதி இருக்காது. கையால் தேட நேம்ஐ என்ற கமாண்டுக்கு எல் ஆப்ஷன் கொடுத்தால் ஒவ்வொரு படிக்கும் அனுமதியைக் காட்டும், அதையே உங்கள் லைப்ரரி செய்துவிட்டால் அந்த வேலையும் மிச்சம்.

ஆனால் இந்தச் சோதனையைத் திறப்பதற்கு முன்னால் செய்யாதீர்கள். "இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் திற" என்று எழுதினால் பார்ப்பதற்கும் திறப்பதற்கும் நடுவில் வேறொரு ப்ரோக்ராம் அதை அழித்துவிடலாம். போதாததற்கு பைத்தானின் எக்சிஸ்ட்ஸ் ஃபங்ஷன், போய்ப் பார்க்கவே அனுமதி இல்லாத இடத்திலும் ஃபால்ஸ் என்றுதான் சொல்லும், நீங்களும் நம்பி "ஃபைல் இல்லை" என்று அறிவித்துவிடுவீர்கள், அனுமதிப் பிரச்சினை மூடி மறைந்துவிடும். நேராகத் திறங்கள். தோற்றால், தோற்ற பிறகு ஆராயுங்கள். அந்த ஆராய்ச்சியே தோற்றுப்போனாலும் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு முதல் எரரைத்தான் மேலே அனுப்ப வேண்டும். இதில் செலவும் கிடையாது, ஃபைல் திறந்துவிட்டால் இந்தக் கோடு ஓடவே ஓடாது. நூறு இடத்தில் ஒரு ஃபைலைத் தேடிப் பார்க்கிற, 'இல்லை' என்பதையே சாதாரணப் பதிலாக எடுத்துக்கொள்கிற லைப்ரரி என்றால் மட்டும் இந்த ஆராய்ச்சியைக் கடைசித் தோல்விக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றுக்கும் செய்தால் மெதுவாகிவிடும்.

பாத் அரைகுறையாக, அதாவது ரிலேட்டிவாக இருந்தால் எந்த ஃபோல்டரில் நின்றுகொண்டு தேடினோம் என்பதையும் சேருங்கள். டெர்மினலில் ஓடுகிற ப்ரோக்ராம் க்ரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதியில்) போட்டதும் ஓடாமல் போவது பெரும்பாலும் இதனால்தான், க்ரான் பொதுவாக அந்தப் பயனரின் ஹோம் ஃபோல்டரில் நின்று ஓட்டும், நீங்கள் ப்ராஜெக்ட் ஃபோல்டரில் நின்று ஓட்டியிருப்பீர்கள். பாத்தை எப்போதும் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். பெயரின் கடைசியில் ஒரு ஸ்பேஸோ, செட்டிங்ஸ் ஃபைலிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த வரி முறிவோ இருந்தால் அப்போதுதான் கண்ணில் படும். ரீநேம், காப்பி என்றால் இரண்டு பாத்தும் வேண்டும், அதிலும் எண் 18 வந்தால் இரண்டும் வேறு வேறு ஃபைல் சிஸ்டத்தில் இருக்கின்றன என்று விளக்கமாகவே சொல்லிவிடுங்கள், 'க்ராஸ் டிவைஸ் லிங்க்' என்பது யாருக்கும் புரிவதில்லை.

பொய் சொல்லும் எண்கள்

சில எண்கள் தங்கள் பெயருக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்கும் வரும். 28ஐ எடுத்துக்கொள்ளுங்கள். "இடம் இல்லை" என்கிறது, டிஎஃப் (காலி இடத்தைக் காட்டும் கமாண்டு) போட்டுப் பார்த்தால் பாதி டிஸ்க் காலியாக இருக்கிறது. குட்டிக் குட்டி ஃபைல்களாக லட்சக்கணக்கில் சேர்ந்து ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு) தீர்ந்துபோயிருந்தாலும் 28தான், டிஎஃப்பில் ஐ ஆப்ஷன் போட்டால்தான் தெரியும். ஃபோல்டரில் மாற்றம் வருகிறதா என்று கவனிக்கும் ஐநோட்டிஃபையில் ஒரு பயனருக்கான வாட்ச் வரம்பு தீர்ந்தாலும் அதே 28. இரண்டாவதுக்கும் டிஸ்க்குக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. உங்கள் லைப்ரரி வாட்ச் வைக்கப் போய்த்தான் 28 வாங்கியது என்பது உங்களுக்குத் தெரியும் அல்லவா, அதைச் சொல்லாமல் "இடம் இல்லை" என்று கை கழுவினால், பாவம், அந்த மனிதர் உட்கார்ந்து கல்யாண வீடியோவை எல்லாம் அழித்துக்கொண்டிருப்பார்.

எண் 2ம் இப்படித்தான். ஒரு ஸ்க்ரிப்டை ஓட்டப் போகிறோம், ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது, "இல்லை" என்கிறது. ஸ்க்ரிப்டின் முதல் வரியில் சொல்லியிருக்கும் இன்டர்ப்ரெட்டர் (ஸ்க்ரிப்டை ஓட்டும் ப்ரோக்ராம்) இல்லாவிட்டாலும் 2தான் வரும். விண்டோஸ் நோட்பேடில் எழுதி லினக்ஸுக்கு அனுப்பிய ஸ்க்ரிப்டில் முதல் வரியின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கேரேஜ் ரிட்டர்ன் ஒட்டிக்கொண்டிருக்கும், சிஸ்டம் அதையும் பெயரின் பகுதியாக எடுத்துக்கொண்டு தேடும். காலேஜ் லேபுகளில் இதனால் வீணாகும் நேரத்துக்குக் கணக்கே இல்லை. ப்ராசஸ் தொடங்கும் லைப்ரரி எழுதுகிறீர்கள் என்றால், ஃபைல் இருந்தும் 2 வந்தால் முதல் வரியைப் படித்துக் காட்டுங்கள்.

இங்கே ஒரு எல்லை உண்டு. உறுதியாகத் தெரிந்ததைச் சொல்லுங்கள், ஊகமென்றால் 'இருக்கலாம்' போட்டுச் சொல்லுங்கள். "ஃபைல் வேறு ப்ரோக்ராமில் திறந்திருக்கிறது" என்று விண்டோஸில் 32 வந்தால் அடித்துச் சொல்லலாம். 5 வந்தால், அதாவது அனுமதி மறுப்பு என்றால், ஆண்டிவைரஸ்தான் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள்.

தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள்

இந்தப் பகுதியை வெளிநாட்டுக் கையேடுகளில் பார்க்க முடியாது, நம் ஆட்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4இல் ஒரு ஃபைல் பெயருக்கு அனுமதி 255 பைட். ஆங்கில எழுத்துக்கு 1 பைட், யூடிஎஃப்-8இல் (எழுத்துகளை பைட்டாக்கும் முறையில்) தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். அதுவும் நாம் ஒரு எழுத்து என்று நினைப்பதில் பாதி இரண்டு குறியீடு: 'தி' என்றால் த ஒன்று, கொக்கி ஒன்று. 'திருப்பத்தூர்' என்ற ஒரு பெயரே 13 குறியீடு, 39 பைட். ஆகமொத்தம் 85 குறியீட்டுக்கு மேல் பெயர் வைக்க முடியாது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸிலோ கணக்கு பைட்டில் இல்லை, தமிழ்க் குறியீடுகள் ஒவ்வொன்றும் ஒன்றாகவே எண்ணப்பட்டு 255 வரை போகலாம். "வாணியம்பாடி வட்டம் தோல் பதனிடும் தொழிலாளர் சங்க ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத் தீர்மானங்கள் இருமுறை திருத்திய நகல்" என்று யாராவது விண்டோஸில் சேமித்துவைத்ததை லினக்ஸ் சர்வருக்கு நகலெடுத்தால் எண் 36 வரும், 'பெயர் நீளம்' என்று. பயனர் எண்ணிப் பார்ப்பார், எழுத்து நூறுகூட இல்லையே என்பார். அதனால் மெசேஜில் பைட் கணக்கைப் போடுங்கள்: "பெயர் 312 பைட், இங்கே அனுமதி 255 பைட், தமிழில் ஒரு குறியீட்டுக்கு 3 பைட்."

இன்னொன்று இதைவிட விஷமமானது. 'கோட்டை' என்று ஒரு ஃபோல்டர். அதில் 'கோ'வின் ஓகாரக் குறி ஒரே குறியீடாகவும் வரலாம், இரட்டைக்கொம்பும் காலும் என இரண்டு குறியீடாகவும் வரலாம். ஸ்க்ரீனில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒகரம், ஓகாரம், ஔகாரக் குறிகள் மூன்றுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. பழைய மேக்கின் ஹெச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்துத்தான் சேமிக்கும், நம் கீபோர்டுகள் பெரும்பாலும் சேர்த்து அடிக்கும், லினக்ஸுக்கோ வழக்கமாகப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை, ஒப்பிட்டு ஒன்றுதான் என்று சமாதானம் சொல்லாது. விளைவு, 'கோட்டை' இருக்கிறது, எல்எஸ் (பட்டியல் காட்டும் கமாண்டு) போட்டால் தெரிகிறது, லைப்ரரி மட்டும் "'கோட்டை' இல்லை" என்று சாதிக்கிறது. பயனருக்குத் தலை சுற்றும்.

செய்ய வேண்டியது இதுதான்: 2 வந்து, பெயரில் ஆஸ்கிக்கு வெளியே எழுத்துகள் இருந்தால், மேல் ஃபோல்டரில் உள்ள பெயர்களை எடுத்து, இரண்டு பக்கமும் என்எஃப்சி வடிவத்துக்கு (குறியீடுகளைச் சேர்த்து எழுதும் யூனிகோடு வடிவம்) மாற்றி ஒப்பிடுங்கள். பொருந்தினால் "இதே போலத் தோன்றும் ஒரு பெயர் இருக்கிறது, ஆனால் குறியீடுகள் வேறு: நீங்கள் கேட்டது 18 பைட், டிஸ்க்கில் இருப்பது 21 பைட்" என்று சொல்லுங்கள். தானாகவே அந்த ஃபைலைத் திறந்து கொடுத்துவிடலாமே என்று தோன்றும், வேண்டாம், இரண்டு பெயரிலும் இரண்டு ஃபைல் இருக்கிற ஃபோல்டர்களும் உண்டு.

சுற்றும்போது பழையதைத் தொலைக்காதீர்கள்

சுற்றுவது என்றால் மூல எரரை உள்ளே வைத்து மேலே விளக்கம் சேர்ப்பது. விளக்கம் சேர்க்கிறேன் என்று மூல எரரைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் எழுத்தாக ஒன்றை எறிவது பெரிய கெடுதல். உங்களைப் பயன்படுத்துகிறவர் "இல்லையென்றால் புதிதாக உருவாக்கு" என்று எழுதியிருப்பார், அவருக்கு அந்த எண் வேண்டும். கோ மொழியில் 1.13லிருந்து, அதாவது 2019லிருந்து, எர்ரார்எஃப்பில் %டபிள்யூ போட்டுச் சுற்றினால் உள்ளே இருப்பது கிடைக்கும், %வி போட்டால் கிடைக்காது. பைத்தானில் ரெய்ஸுடன் ஃப்ரம் சேருங்கள், உங்கள் சொந்த எக்செப்ஷனை ஓஎஸ்எரரின் வாரிசாக வைத்து எர்நோ, ஃபைல்நேம் இரண்டையும் நிரப்புங்கள். 3.11இல் வந்த ஆட்_நோட் இருந்தால் வகையையே மாற்றாமல் ஒரு வரி சேர்த்துவிடலாம், எனக்கு மிகவும் பிடித்த வழி அது. ரஸ்ட்டில் சோர்ஸ் வழியாக மூலத்தைக் காட்டுங்கள்.

எங்கே சுற்றுவது? பாத் தெரிந்த கீழ் அடுக்கில் ஒரு தடவை, 'எதற்காக' தெரிந்த மேல் அடுக்கில் ஒரு தடவை. அவ்வளவு போதும். ஒவ்வொரு ஃபங்ஷனும் தன் பங்குக்குச் சுற்றினால் ஒரே பாத் ஐந்து முறை வரும், போட்டோவில் முக்கியமான பாதி வெட்டுப்பட்டுப் போகும். கோ மொழியில் பாத் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, நீங்கள் மறுபடி சேர்க்காமல் காரணத்தை மட்டும் சேருங்கள். படிக்கிறவருக்கு வேண்டியது முதல் வரியில், மற்றவை கீழே.

எழுதும் லைப்ரரி என்றால் க்ளோஸ் செய்யும்போது வரும் எரரையும் பாருங்கள். பஃபரில் இருந்தது அப்போதுதான் போகும், நெட்வொர்க் டிரைவில் இடம் தீர்ந்தது அப்போதுதான் தெரியவரும். ரைட் வெற்றி என்று நம்பி "சேமித்தாயிற்று" என்று காட்டிவிட்டால் மாதக் கடைசிக் கணக்கு காற்றோடு போய்விடும்.

பாத்தைக் காட்டு என்று இவ்வளவு சொன்னாலும், எல்லாருக்கும் காட்டாதீர்கள். ஆஸ்பத்திரி மென்பொருளில் நோயாளியின் பெயரே ஃபோல்டர் பெயராக இருக்கும், வெப்சைட் என்றால் உங்கள் சர்வரின் அமைப்பே வெளியாளுக்குத் தெரிந்துவிடும். லைப்ரரி பாத்தைத் தனி ஃபீல்டில் கொடுக்கட்டும், வெளியே காட்டுவதா லாகில் மட்டும் எழுதுவதா என்பதை அப்ளிகேஷன் முடிவு செய்யட்டும்.

கடைசியாக டெஸ்ட். லினக்ஸில் /டெவ்/ஃபுல் என்று ஒன்று இருக்கிறது, அதில் என்ன எழுதினாலும் 28தான், டிஸ்க்கை நிரப்பாமலே அந்த மெசேஜைச் சோதிக்கலாம். அனுமதி டெஸ்டை டாக்கரில் ஓட்டும்போது ரூட்டாக (எல்லா அனுமதியும் உள்ள பயனராக) ஓடுகிறதா என்று பாருங்கள், ரூட்டுக்குப் பொதுவாக 13 வராது, எரரே வராமல் டெஸ்ட் குழம்பும். மெசேஜ் முழுவதையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடாமல், பாத் இருக்கிறதா, வேலையின் பெயர் இருக்கிறதா, எண் ஃபீல்டில் கிடைக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வெளியிடும்போது மெசேஜ் மாறியிருக்கிறது என்று சேஞ்ச்லாகில் ஒரு வரி போட்டுவிடுங்கள், எங்கோ ஒருவர் பழைய வார்த்தைகளை க்ரெப் செய்து (தேடி எடுத்து) ஒரு ஸ்க்ரிப்ட் ஓட்டிக்கொண்டிருப்பார். எண் எந்த ஃபீல்டில் இருக்கிறது என்பதையும் அதே வரியில் எழுதினால் அவர் அதற்கு மாறிக்கொள்வார்.